வண்டியைக் கொண்டு வருவதா, வண்டியின் விலையைக் கொண்டு வருவதா?

தாயகம் திரும்புவது என்று முடிவெடுக்கும் புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் பள்ளிக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக எழும் கேள்வி ஒன்று உண்டு. ஆண்டுக் கணக்கில் உழைத்து வாங்கிய மகிழுந்தை உடன் எடுத்துச் செல்லலாமா என்பதே அக்கேள்வி. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, புத்தகங்கள் ஆகியவற்றோடு கப்பல் பெட்டகத்தில் அதுவும் ஏறிவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கு ஒரு வண்டி தீர்வையின்றி அனுமதிக்கப்படும் என்ற செவிவழிச் செய்தியும் தமிழர் வாழும் நகரங்கள் தோறும் உலவுகின்றது. இந்த நம்பிக்கையால் சேமிப்பை இழந்து, வண்டியையும் துறைமுகத்தில் விட்டுவிட்டு நிற்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாகாது. எனவே இப்பொருளை உணர்ச்சிக்கு இடமின்றி, கணக்கோடும் சட்டத்தோடும் வைத்துப் பார்ப்பது தேவையாகின்றது.

முதலில் வண்டியின் வலமும் இடமும். இந்தியச் சாலைகளில் வண்டிகள் இடப்புறமாகச் செல்கின்றன. ஆகவே ஓட்டுநரின் சுக்கான் வலப்புறம் இருக்க வேண்டும். இந்திய இறக்குமதிக் கொள்கை இதனை நிபந்தனையாகவே வைத்துள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இடப்புறச் சுக்கான் கொண்ட வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குத் தடைகளை விதிக்கின்றது. உலக வரைபடத்தில் தமிழர் வாழும் நாடுகளை இந்த ஒரே அளவுகோலால் பிரித்துப் பார்த்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்கா, கனடா, பிரான்சு, செருமனி, சுவிட்சர்லாந்து, நோர்வே, வளைகுடா நாடுகள் அனைத்தும் வலப்புறப் போக்குவரத்து உடையவை. அங்குள்ள வண்டிகளின் சுக்கான் இடப்புறம். ஆக, நாடு திரும்பும் தமிழரில் பெருந்தொகையினரான வளைகுடாத் தொழிலாளருக்கும் வட அமெரிக்க வல்லுநருக்கும் இந்த வாயில் தொடக்கத்திலேயே மூடப்பட்டுள்ளது. பிரித்தானியா, சிங்கப்பூர், மலேசியா, ஆத்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மொரீசியசு ஆகிய நாடுகளில் வாழ்வோருக்கு மட்டுமே மேற்கொண்டு பேச இடமுண்டு.

அவர்களுக்கும் வழி அகலமானது அன்று. பயன்படுத்திய வண்டிகளைப் பொறுத்தவரை, உற்பத்தி செய்யப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு இறக்குமதிக் கொள்கையில் இடமில்லை. வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்றவாறு விழ வேண்டும். இறக்குமதிக்குப் பின் குறைந்தது ஐந்து ஆண்டுகள் சாலையில் ஓடும் தகுதி இருக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கான நுழைவாயிலாக மும்பைத் துறைமுகம் குறிக்கப்பட்டுள்ளது. நிரந்தரமாகக் குடியேற வருபவர், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்திருந்து, வண்டியைக் குறைந்தது ஓராண்டு அங்கே தம் உடைமையாக வைத்திருந்தால், இறக்குமதி அனுமதியில் சில தளர்வுகள் பெறலாம். எந்தத் துறைமுகம், எந்தச் சான்றுகள் என்பதைக் கப்பலில் ஏற்றும் முன்னரே சுங்கத்துறையிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளாதவர், பின்னர் நாள்தோறும் ஏறும் துறைமுகக் கிடங்கு வாடகையை எண்ணிக்கொண்டிருக்க நேரும்.

இந்தத் தளர்வுகளைத்தான் பலரும் தீர்வை விலக்கு என்று தவறாகப் புரிந்துகொள்கின்றனர். அனுமதி என்பது வேறு, தீர்வை என்பது வேறு. குடியிருப்பு மாற்றத்தின்போது வீட்டுப் பொருள்களுக்கு வழங்கப்படும் பயணப்பொதிச் சலுகையில் மகிழுந்து அடங்காது. தட்டுமுட்டுச் சாமான்கள் சலுகையில் வரலாம். வண்டி முழுத் தீர்வையோடுதான் வரும்.

அந்தத் தீர்வை எவ்வளவு? பயன்படுத்திய மகிழுந்துக்குப் பல ஆண்டுகள் 125 விழுக்காடு அடிப்படைச் சுங்கமும் அதன்மேல் சமூக நல மேல்வரியும் இருந்தன. 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை விகிதம் 70 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தோர் உண்டு. ஆனால் அதே நாளில் வேளாண் உட்கட்டமைப்பு மேல்வரி என்ற பெயரில் 67.5 விழுக்காடு சேர்க்கப்பட்டதால், மொத்தச் சுமை முன்பு இருந்த 137.5 விழுக்காட்டிலேயே நின்றது. இதற்கு மேல் சரக்கு மற்றும் சேவை வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு 18 விழுக்காடும், பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடும் என அது மாற்றியமைக்கப்பட்டது. இவ்வரி, வண்டியின் மதிப்போடு சுங்கத் தீர்வையையும் கூட்டி வரும் தொகையின் மீது கணக்கிடப்படுவது. அதாவது, வரியின் மீதும் வரி.

மதிப்பிடும் முறையையும் அறிந்திருக்க வேண்டும். சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதைச் சுங்கத்துறை பார்ப்பதில்லை. வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையை எடுத்துக்கொண்டு, முதலாம் ஆண்டில் காலாண்டுக்கு 4 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 3 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 2.5 விழுக்காடு என்ற அளவில் தேய்மானம் கழிப்பதே நீண்ட நாளைய நடைமுறை. அதன்படி ஈராண்டு பழைய வண்டிக்கு 28 விழுக்காடு மட்டுமே கழியும். வெளிநாட்டுச் சந்தையில் பல வண்டிகள் அதே ஈராண்டில் அதைவிடக் கூடுதலாக மதிப்பிழந்திருக்கும். இல்லாத மதிப்புக்கும் சேர்த்து வரி கட்ட நேர்வது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். புதிதாக வாங்கியபோது இந்தியப் பணத்தில் 20 இலட்சம் ரூபாய் விலையுள்ள, நடுத்தரக் குடும்பத்தின் பெரிய வகை வண்டி ஒன்று, வயது ஈராண்டு. தேய்மானம் போக மதிப்பு 14.4 இலட்சம். கப்பல் கூலிக்கும் காப்பீட்டுக்கும் 1.6 இலட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 இலட்சம். இதன்மேல் 137.5 விழுக்காடு என்பது 22 இலட்சம். இரண்டும் சேர்ந்த 38 இலட்சத்தின் மீது 40 விழுக்காடு என்பது 15.2 இலட்சம். ஆக, வரி மட்டும் 37.2 இலட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் பதிவு செய்யும்போது வாழ்நாள் வரி தனியே உண்டு. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள வண்டிக்கு அது 20 விழுக்காடு. ஒரு வண்டியை இந்தியா கொண்டு வருவதற்கு, அதே தரத்தில் இரண்டு புதிய வண்டிகளைச் சென்னையில் வாங்கக்கூடிய தொகை செலவாகும். விகிதங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆயினும் கணக்கின் போக்கு இதுவே.

பணம் இருப்பவருக்கும் இது நல்ல முடிவன்று என்பதற்குப் பொறியியல் காரணங்கள் உள்ளன. ஒரே பெயரில் விற்கப்படும் வண்டியேயாயினும், நாட்டுக்கு நாடு உந்துபொறி, மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, அதிர்வுதாங்கி, விளக்குத் தொகுதி ஆகியவை வேறுபடுகின்றன. இந்தியாவில் விற்கப்படாத வகை ஒன்றின் கண்ணாடி உடைந்தால் அதற்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் விற்கப்பட்ட நாட்டோடு முடிந்துவிடுகின்றது. எரிபொருளும் வேறு. பிரித்தானியாவில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பொது எரிபொருளாயிற்று. இந்தியாவிலோ 2025இல் 20 விழுக்காடு கலப்பு நாடெங்கும் பரவிவிட்டது. அந்த அளவுக்கென வடிவமைக்கப்படாத வண்டியின் இரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் விரைந்து பழுதடைய வாய்ப்புண்டு. விற்றுவிடலாம் என்றால், இவ்வாறு வந்த வண்டியை இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை முன்னே நிற்கும்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டையும் குறிப்பிட வேண்டும். இலண்டன் தெருக்களில் ஓடும் சில வண்டிகள் தமிழ்நாட்டிலேயே பிறந்தவை. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்பட்ட ஹூண்டாய் ஐ10, ஒரகடத்தில் செய்யப்பட்ட நிசான் மைக்ரா, மறைமலை நகரில் செய்யப்பட்ட ஃபோர்டு ஈக்கோசுபோர்ட்டு ஆகியவை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானவை. ஆயினும் ஒரு வண்டி கடல் கடந்து சென்று திரும்பினால், 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் தன் 20ஆம் பிரிவின் வழியே அதனை இறக்குமதிப் பொருளாகவே நடத்துகின்றது. தனி அறிவிக்கைகளின் நிபந்தனைகள் நிறைவேறினால்தான் விலக்கு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் தாய்மண்ணில் நுழைவிசைவோ அட்டையோ காட்ட வேண்டியிருப்பதைப் போன்றதே இதுவும்.

இந்தத் தீர்வை முழுவதும் நீக்கப்பட வேண்டும் என்று கோருவோரும் உள்ளனர். அக்கோரிக்கை நேர்மையானதன்று. சென்னையைச் சுற்றி வாகனத் தொழில் வளர்ந்து, பல்லாயிரம் தமிழ் இளைஞர்களுக்கு வேலை கிடைத்ததில் இறக்குமதித் தடுப்புச் சுவருக்கும் பங்குண்டு. நாடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் தீர்வையற்ற ஒரு வண்டி என்று விதி எழுதினால், அதன் பயன் குடும்பங்களைச் சென்று சேராது. தரகர்களைச் சென்று சேரும். இது வெறும் அச்சமன்று. குடியிருப்பு மாற்ற வழியைப் பயன்படுத்தி, வெளிநாடுவாழ் இந்தியர்களின் பெயரில் ஆடம்பர மகிழுந்துகள் குறைந்த மதிப்புக் காட்டி இறக்குமதி செய்யப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டின் பேரில் 2013 மார்ச்சில் சென்னையில் நடுவண் புலனாய்வுப் பிரிவு சோதனைகள் நடத்தியது. 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாக வரி ஏய்ப்புச் செய்து கொண்டுவரப்பட்டதாகக் கருதப்பட்ட வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை கேரளத்தில் ‘நும்கோர்’ என்ற பெயரில் பெரும் சோதனை மேற்கொண்டது. இத்தகைய வலைகளில் இறுதியில் சிக்குவது கடவுச்சீட்டைக் கைம்மாற்றாகத் தந்த எளிய மனிதரே. ‘உங்கள் பெயரில் ஒரு வண்டி வரட்டும், உங்களுக்கு ஒரு தொகை தருகிறோம்’ என்று அணுகும் எவரிடமும் கடவுச்சீட்டின் படியைக்கூடத் தரலாகாது.

கார்னே எனப்படும் சுங்கப் பயணச் சீட்டில் வண்டியைக் கொண்டு வந்து, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற அறிவுரையும் இதே வகையைச் சேர்ந்தது. அச்சீட்டு, வண்டியை மீண்டும் வெளியே எடுத்துச் செல்லும் சுற்றுலாப் பயணிக்கானது. காலம் கடந்தால் பிணைத்தொகையும் போகும், வண்டியும் போகும்.

ஈழத்துக்குத் திரும்ப எண்ணும் உறவுகளின் நிலையும் எளிதன்று. அந்நியச் செலாவணியைக் காக்க இலங்கை அரசு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வண்டிகளுக்கான கதவு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அங்கும் போக்குவரத்து இடப்புறமே; கனடாவிலிருந்தும் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்தும் திரும்புவோரின் வண்டிகள் யாழ்ப்பாணச் சாலைகளுக்குப் பொருந்தா. உந்துபொறியின் கொள்ளளவை ஒட்டி விதிக்கப்படும் கலால் வரியும் பிற வரிகளும் அங்கும் வண்டியின் விலையைப் பன்மடங்காக்குகின்றன.

அவ்வாறாயின் செய்யத்தக்கது என்ன? பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை ஒன்றே: வண்டியை அங்கேயே, அவசரமின்றி, நல்ல விலைக்கு விற்றுவிட்டு அதன் விலையைக் கொண்டு வருவது. இதில் ‘அவசரமின்றி’ என்ற சொல்லே முதன்மையானது. நாடு திரும்புதல் எப்போதும் திட்டமிட்டு நிகழ்வதில்லை. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் உள்ளவர் வேலை இழந்தால், வேறு வேலை தேடவோ வெளியேறவோ அளிக்கப்படும் சலுகைக் காலம் அதிக அளவாக 60 நாள்கள். 2008-09 பொருளாதார வீழ்ச்சியின்போது துபாய் விமான நிலையத்தில் கடன் தீராத வண்டிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததாக உலக ஏடுகள் எழுதின. அவ்வாறு விட்டுச் சென்ற வண்டி, உரிமையாளரைப் பின்தொடரும் கடனாகவும் வழக்காகவும் மாறக்கூடியது. எனவே வெளிநாட்டில் வண்டி வாங்கும் நாளிலேயே விற்கும் நாளையும் எண்ணிப் பார்ப்பது நலம். கடன் எவ்வளவு எஞ்சியுள்ளது, வங்கியின் தடையின்மைச் சான்று பெற எத்தனை நாளாகும், உரிமை மாற்றத்துக்கு உரிமையாளர் நேரில் இருக்க வேண்டுமா ஆகிய மூன்றையும் குடும்பத்தில் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வாழ்வோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990 முதல் அங்கு நடைமுறையில் உள்ள உரிமைச் சான்றிதழ் முறையில், வண்டியின் விலையில் பெரும்பகுதி அச்சான்றிதழுக்கே போகின்றது. உரிய காலத்துக்கு முன் வண்டியின் பதிவை நீக்கினால், எஞ்சிய காலத்துக்குரிய தொகை திரும்பக் கிடைக்கும். விற்பனை விலையையும் இத்தொகையையும் ஒப்பிட்டுப் பாராமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது இழப்பாகும். பிரித்தானியாவில் வாழ்வோர், விற்றாலும் ஏற்றுமதி செய்தாலும் வாகன உரிம முகமைக்கு உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்தால் முழு மாதங்களாக எஞ்சியுள்ள சாலை வரி திரும்பக் கிடைக்கும். அறிவிக்காவிட்டால் புதியவர் செய்யும் குற்றங்களுக்கான அறிவிப்புகள் பழையவரின் முகவரிக்கே வரும்.

பொது விதி இவ்வாறிருக்க, இதில் அடங்காத குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்காகவே புலம்பெயர் அமைப்புகள் குரல் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய சாய்தளம் பொருத்திய வண்டி, கையாலேயே வேகத்தையும் தடையையும் இயக்கும் வண்டி ஆகியவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் அவை. மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ பக்கவாதம் தாக்கிய பெற்றோரையோ நாள்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு அந்த வண்டி ஆடம்பரமன்று. அதற்கு நிகரான வண்டியைத் தமிழ்நாட்டுக் கடை ஒன்றில் உடனே வாங்கிவிடவும் இயலாது. பிரித்தானியாவில் மோட்டபிலிட்டித் திட்டத்தின் வழி வண்டி பெற்றோருக்கு அது குத்தகையே அன்றி உடைமையன்று. அதைக் கொண்டு வரவும் இயலாது, விற்கவும் இயலாது. இத்தகைய குடும்பங்களில் நாடு திரும்பும் முடிவே இந்த ஒரு வண்டியைப் பொறுத்துத் தள்ளிப்போவதும் உண்டு.

இந்தியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2007இல் ஏற்று உறுதி செய்தது. அதன் 20ஆம் உறுப்பு தனிநபர் நடமாட்டத்தைப் பற்றியதே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 41ஆம் பிரிவில், கட்டுப்படியாகும் செலவில் நடமாட்டத்துக்கு ஊக்கமும் சலுகையும் வண்டிகளை மாற்றியமைக்கும் வசதியும் தரும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கின்றது. சொல் சட்டத்தில் இருக்கின்றது. செயல் துறைமுகத்தில் தெரிய வேண்டும். சக்கர நாற்காலிக்குக் காட்டப்படும் பரிவு, அந்த நாற்காலியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் நீள வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, நாடு திரும்பும் குடும்பம் கொண்டு வரும், மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த ஒரே ஒரு வண்டிக்குச் சுங்கத் தீர்வையிலிருந்து முழு விலக்கு. மோசடிக்கு இடமின்றி, விற்பனைத் தடை இரண்டு ஆண்டுக்கு மாற்றாக ஐந்து ஆண்டு என நீட்டிக்கப்படலாம். வண்டியின் வயது வரம்பும் இவர்களுக்கு மட்டும் தளர்த்தப்படலாம். இரண்டு, எந்த வண்டிக்கும் கப்பலில் ஏற்றும் முன்னரே, கட்ட வேண்டிய வரியை எழுத்தில் உறுதி செய்யும் ஏற்பாடு. தனிமனிதருக்கும் எளிதில் எட்டும் வகையில், குறித்த நாள்களுக்குள் விடை தருவதாக அது அமைய வேண்டும். மூன்று, சுங்கம், அயல் வணிக இயக்ககம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று சிதறிக் கிடக்கும் விதிகளை ஒரே இடத்தில், தமிழில், ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுதல். ஆண்டுதோறும் சனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடும் தமிழ்நாடு அரசும், அதன் அயலகத் தமிழர் நலத்துறையும் இம்மூன்றாம் பணியை நடுவண் அரசுக்காகக் காத்திராமல் தாமே மேற்கொள்ளலாம்.

அதுவரை, திரும்பத் துணிந்த குடும்பங்கள் நினைவிற்கொள்ள வேண்டியது இதுதான். வண்டி மீது கொண்ட பற்று இயல்பானது. முதல் குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த வண்டியை விட்டுப் பிரிவது எளிதன்று. ஆனால் அந்த நினைவுக்குத் தீர்வை கிடையாது. அதைப் பெட்டகம் இல்லாமலேயே எடுத்து வரலாம். வண்டிக்கான வரியாகப் போகவிருந்த 37 இலட்சம், பிள்ளைகளின் படிப்புக்கும் முதல் இரண்டு ஆண்டு வாழ்க்கைக்கும் கைகொடுக்கட்டும். நாடு திரும்புவோரின் தொடக்கம் துறைமுகக் கிடங்கின் வாயிலில் அமையாமல், சொந்த வீட்டின் வாயிலில் அமைய வேண்டும் என்பதே புலம்பெயர் தமிழ்ச் சமூகத்தின் விருப்பம். அதற்கான தெளிவைத் தருவது அரசுகளின் கடமை. அத்தெளிவைக் கேட்டுப் பெறுவது அமைப்புகளின் கடமை.